இரவு 2 மணிக்குத் தீப்பிடித்தால்: சிறிய, நடுத்தர மருத்துவமனைகளுக்கான முழுமையான வழிகாட்டி

கொல்கத்தா டாக்குரியாவில் ஒரு தனியார் மருத்துவமனை, 2011 டிசம்பர் 9, அதிகாலை. அகமதாபாத்தில் ஒரு கோவிட் மருத்துவமனை, 2020 ஆகஸ்ட் 6, அதிகாலை. மகாராஷ்டிராவின் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் பிரிவு, 2021 ஜனவரி 9, நள்ளிரவு தாண்டி. அதே மாநிலத்தின் விராரில் ஒரு கோவிட் மருத்துவமனை, 2021 ஏப்ரல் 23, அதிகாலை. ஜான்சி மருத்துவக் கல்லூரி, 2024 நவம்பர் 15, இரவு. நமக்குப் பக்கத்திலேயே திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனை, 2024 டிசம்பர் 12, இரவு.

இந்தத் தீ விபத்துகளில் ஒன்றுகூடப் பகலில் நடந்ததில்லை. பகலில் மருத்துவமனைகளில் தீயே பிடிப்பதில்லை என்று அர்த்தம் கிடையாது. பகலில் யாராவது வாடையைப் பிடித்துவிடுகிறார்கள், எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இருக்கிறார், நாலு பேர் ஓடி வருகிறார்கள், செய்தியாவதற்குள் அணைந்துவிடுகிறது. அதனால் தீ அவசரத்திட்டம் போடும்போது காலை 11 மணி ஆள்பலத்தை மனதில் வைத்துப் போட்டால் அது காகிதத்தோடு போய்விடும். இரவு 2 மணிக்கு, மாடிக்கு ரெண்டு சிஸ்டர், ஒரு ஆயா, கீழே ஒரு வாட்ச்மேன் என்ற கணக்கில் போட வேண்டும்.

கோவை அவிநாசி ரோட்டில் இருக்கும் பெரிய மருத்துவமனைகளுக்குப் பாதுகாப்பு அதிகாரி, தனி மின்பிரிவு எல்லாம் உண்டு. நான் எழுதுவது கோபி, தாராபுரம், காங்கேயம், உடுமலை, திருச்செங்கோடு, குளித்தலை மாதிரி ஊர்களில் 20 முதல் 100 படுக்கை வரை வைத்து நடத்துகிறவர்களுக்கு. அதில் பாதிக்கு மேல் வீடாகக் கட்டி, நர்சிங் ஹோமாக மாறி, மாடி மேல் மாடி ஏறிய கட்டடங்கள்.

1. முதலில் ஆள் கணக்கு

ஒவ்வொரு வார்டிலும் சிஸ்டர் உட்காரும் இடத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டுங்கள். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் அதில் மூன்று எண்கள் எழுத வேண்டும்: தானாக நடப்பவர்கள், சக்கர நாற்காலி வேண்டியவர்கள், படுக்கையோடு தூக்க வேண்டியவர்கள். உதாரணமாக 8 – 4 – 2. வென்டிலேட்டர் அல்லது ஆக்சிஜனில் இருப்பவர்களின் படுக்கை எண்ணை அடியில் தனியாக எழுதலாம்.

இதைச் செய்த முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் கண்ணில் படும். எலும்பு முறிவு நோயாளிகளை மூன்றாம் மாடியில் போட்டிருப்போம், காய்ச்சலுக்கு வந்து தானாக நடக்கிறவர்கள் தரைத்தளத்தில் இருப்பார்கள். வாடகை அறைக் கணக்கில் அப்படி அமைந்துவிடுகிறது. நடக்க முடியாதவர்களைக் கீழே கொண்டுவருவது ஒரு பைசா செலவில்லாத பாதுகாப்பு ஏற்பாடு. மருத்துவமனை முதலாளிகள் பலர் இதற்குத்தான் ரொம்ப யோசிக்கிறார்கள் என்பது வேறு கதை.

ஆள்பலத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் நோயாளிக்குத் துணை இல்லாமல் யாரும் வந்து படுப்பதில்லை. 14 நோயாளி இருந்தால் 14 பேராவது வராந்தாவில் பாய் விரித்து, வயர் கூடையும் ஃபிளாஸ்க்கும் தலைமாட்டில் வைத்துப் படுத்திருப்பார்கள். பாதையை அடைப்பதும் அவர்கள்தான், அவசரத்தில் கை கொடுக்கப்போவதும் அவர்கள்தான். அட்மிஷன் போடும்போதே ரெண்டு நிமிஷம் ஒதுக்கி, "தீப்பிடிச்சா இந்தக் கதவு வழியா அந்தப் பக்கம் போகோணும், லிஃப்டுல ஏறக்கூடாதுங்க" என்று கதவருகே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். படுப்பதற்கு வராந்தாவின் ஒரு ஓரம் மட்டும் என்று தரையில் மஞ்சள் கோடு போட்டுவிட்டால் தினமும் சண்டை போட வேண்டியதில்லை.

2. எரியக்கூடியதைத் தேடி ஒரு சுற்று

மருத்துவமனைத் தீயில் பெரும்பாலும் முதல் பொறி மின்சாரத்தில்தான். ஐசியூ ஏசி வருஷம் முழுக்க நிற்காமல் ஓடுகிறது. வீட்டு ஏசிக்கு இருக்கும் ஓய்வு அதற்குக் கிடையாது. டெர்மினலில் ஒரு ஸ்குரு லூசானால் போதும், அந்த இடம் சூடாகி, இன்சுலேஷன் கருகி, ஒருநாள் பற்றிக்கொள்ளும்.

எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு மாலை 7 மணிக்கு மேல், லோடு ஏறியிருக்கும் நேரத்தில் சுற்றுங்கள். வெப்பம் காட்டும் கேமரா இப்போது வாடகைக்குக் கிடைக்கிறது. மெயின் போர்டு, யுபிஎஸ் அவுட்புட், ஏசி பிரேக்கர்கள் மூன்றையும் அதில் பார்த்தால் சூடான இணைப்பு தனியாகத் தெரியும். பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று 32 ஆம்பியரைக் கழற்றி 63 போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டால் சொல்ல மாட்டார்கள், போர்டைத் திறந்து பாருங்கள். ஒயர் தாங்குகிற அளவுக்கு மேல் பிரேக்கர் போட்டால், பிரேக்கர் விழுவதற்குள் ஒயர் உருகும்.

அடுத்து படிக்கட்டின் அடி. இன்வெர்ட்டரும் பேட்டரியும் வைக்க நம் நர்சிங் ஹோம்களில் எல்லாரும் கண்டுபிடிக்கும் இடம் அதுதான். கூடவே பழைய மெத்தை, உடைந்த ஸ்ட்ரெச்சர், கேஸ் ஷீட் மூட்டை. தப்பிக்க வேண்டிய வழியின் அடியிலேயே அடுப்பு வைப்பதற்குச் சமம் இது. பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதற்குக் காற்றோட்டமுள்ள, படிக்கட்டோடு சேராத தனி இடம் வேண்டும். கொல்கத்தாவில் கார் நிறுத்தவேண்டிய அடித்தளத்தில் அடைத்து வைத்திருந்த பொருள்கள்தான் எரிந்தன. அந்தப் புகை மேலே ஏறி 90 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை.

மற்றவை சுருக்கமாக: ஸ்பிரிட், சானிடைசர் கேன்களை வார்டில் ஒரு நாள் தேவைக்கு மேல் வைக்க வேண்டாம். மெடிக்கல் ஸ்டோரின் அட்டைப்பெட்டிகள் மெயின் போர்டு அறையில் இருக்கக் கூடாது. கேன்டீன் கேஸ் சிலிண்டர் கட்டடத்துக்கு வெளியே. ரிசப்ஷன் பிள்ளையாருக்கு எண்ணெய் விளக்குக்குப் பதில் எல்இடி விளக்கு. சாமி கோவித்துக்கொள்ள மாட்டார்.

3. ஆக்சிஜன்

ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் காற்றில் வழக்கமாக இருக்கும் 21 சதவீதம் 23, 24 என்று ஏறினாலே, மெதுவாகக் கருகவேண்டிய துணி குப்பென்று எரிய ஆரம்பிக்கும். கதவு ஜன்னல் அடைத்த ஐசியூவில், நோயாளி முகத்திலிருந்து கழற்றிய மாஸ்க்கை ஓடவிட்டபடி மெத்தைமேல் போட்டால் போர்வை ஆக்சிஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மாஸ்க் கழற்றினால் ஃப்ளோமீட்டரை (ஆக்சிஜன் ஓட்டத்தைத் திறந்து மூடும் கருவியை) மூடு என்பதைப் பழக்கமாக்க வேண்டும்.

சிலிண்டர் வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெய், கிரீஸ் படக்கூடாது. இறுக்கமாக இருக்கிறது என்று வார்டுபாய் தேங்காயெண்ணெய் தொட்டுவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஆக்சிஜன் குழாயை மூடும் வால்வு பெட்டி இருக்கும். அது எங்கே, எந்தெந்தப் படுக்கைகளுக்குப் போகிறது என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். அதை மூட உத்தரவு கொடுப்பவர் அந்த ஷிஃப்டின் பொறுப்பு சிஸ்டர் மட்டும்தான். முதலில் எரியும் படுக்கையின் ஃப்ளோமீட்டரை மூட வேண்டும். அந்தப் பகுதியில் ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களைச் சிறு சிலிண்டருக்கு மாற்றிய பிறகு வால்வு. பதற்றத்தில் யாராவது மெயினையே மூடினால் தீயில்லாத வார்டில் உயிர் போகும்.

சிறு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்பதையும் சிஸ்டர்கள் மனக்கணக்காக வைத்திருக்க வேண்டும். பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 5 மணி நேரம், 10 லிட்டர் என்றால் இரண்டரை மணி நேரம். அதிவேக ஆக்சிஜன் கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓடினால் 25 நிமிடத்தில் காலி.

4. புகையைத் தடுக்கும் கதவு

வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் இந்த மாதம் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பள்ளிக்கூடத்தில், பனியன் கம்பெனியில் தீ என்றால் எல்லாரும் கீழே இறங்கி ஓட வேண்டும். மருத்துவமனையில் அது நடக்காது. வென்டிலேட்டரில் இருப்பவரை மூன்று மாடி இறக்கும் நேரத்தில் பத்துப் பேரை அதே மாடியில் பக்கத்துப் பகுதிக்கு நகர்த்திவிடலாம். அதனால் மாடியை நடுவில் ஒரு சுவரும் தீத்தடுப்புக் கதவும் போட்டு ரெண்டாகப் பிரிக்க வேண்டும். இந்தப் பக்கம் தீ என்றால் அந்தப் பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது முதல் கட்டம். அங்கேயும் புகை வருகிறது என்றால்தான் படிக்கட்டு.

இந்தக் கதவுகளைப் பல இடங்களில் பார்த்தால், தள்ளுவண்டி போகத் தொந்தரவாக இருக்கிறது என்று திறந்தே வைத்து, மூடாமலிருக்க ஒரு செங்கல் முட்டுக்கொடுத்திருப்பார்கள். ஒரு இடத்தில் ஆக்சிஜன் சிலிண்டரையே முட்டாக நிறுத்தியிருந்தார்கள். திறந்திருக்கத்தான் வேண்டுமென்றால் காந்தப்பிடி போடுங்கள். அலாரம் அடித்தால் காந்தம் விட்டுவிடும், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

கதவு மட்டும் போதாது. ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைத் தூக்கி, டார்ச் அடித்து மேலே பாருங்கள். சுவர் மேல்தளம் வரை போயிருக்கிறதா, சீலிங் உயரத்தோடு நின்றிருக்கிறதா? நின்றிருந்தால் கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் புகை தலைக்கு மேலே தாராளமாகப் போகும். கேபிள் போக இடித்த ஓட்டைகளைத் தெர்மகோல் வைத்து அடைத்திருந்தால் எடுத்துவிட்டு, தீத்தடுப்புப் பூச்சு போட வேண்டும். சென்ட்ரல் ஏசி இருந்தால் அலாரம் அடித்ததும் காற்றுவீசும் கருவி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு அறைப் புகையை அதுவே வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். முகப்பை முழுக்கக் கண்ணாடியால் மூடியிருந்தால் திறக்கக்கூடிய ஜன்னல் மாடிக்கு இத்தனை என்று இருக்கட்டும். கொல்கத்தாவில் கண்ணாடியை உடைத்துத்தான் உள்ளே போனார்கள்.

5. பூட்டு, சாவி, லிஃப்ட்

இரவு 10 மணிக்குப் பின்பக்கப் படிக்கட்டின் கிரில் கேட்டைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேன் இடுப்பில் சொருகிக்கொள்வது நம் ஊர் வழக்கம். திருட்டுப் பயம் நியாயமானது. அதற்கு வழி உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் பாரும், திறந்தால் அலறும் மணியும்தான். பூட்டு கூடவே கூடாது. விரல்ரேகை வைத்துத் திறக்கும் கதவுகள் கரண்ட் போனால் திறந்துகொள்கின்றனவா என்று ஒருமுறை மெயினை அணைத்துப் பாருங்கள்.

லிஃப்டைப் பற்றித் திண்டுக்கல் சம்பவத்துக்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்கே இறந்த 6 பேரில் பலர் லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்து மீட்கப்பட்டவர்கள். 'தீ நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்தாதீர்' என்ற பலகை லிஃப்ட் பொத்தானுக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் இருக்க வேண்டும். பலரும் அதைக் கதவுக்கு மேலே, யாரும் பார்க்காத உயரத்தில் ஒட்டுகிறார்கள்.

6. தீயணைப்பானும் தண்ணீரும்

எங்கே நின்றாலும் 15 மீட்டருக்குள் ஒரு தீயணைப்பான் எட்ட வேண்டும். வராந்தாவுக்கும் ஸ்டோருக்கும் பலவகைத் தீக்கும் ஏற்ற ஏபிசி பவுடர். ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர், ஸ்கேன் அறை, மின்போர்டு ஆகிய இடங்களில் கார்பன் டை ஆக்சைடு அல்லது தூசி விடாத வாயு வகை. ஐசியூவில் பவுடர் அடித்தால் தீ அணையும், ஆனால் கருவிகளும் நோயாளிகளின் மூச்சும் பாழ். கேன்டீனில் எண்ணெய்த் தீக்கான தனிவகை.

பவுடர் வகையில் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கார்பன் டை ஆக்சைடு வகையில் முள் கிடையாது, எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 6 கிலோ பவுடர் மொத்தமே 20 விநாடிக்குள் தீர்ந்துவிடும் என்பதைப் பணியாளர்களுக்குச் சொல்லுங்கள். பின்னை இழு, தீயின் அடியைக் குறிவை, அழுத்து, இடவலமாக வீசு. ஒன்று தீர்ந்தும் அணையவில்லை என்றால் இரண்டாவதைத் தேடாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியேற வேண்டும்.

ஹைட்ரண்ட் (தீயணைக்கும் தண்ணீர்க் குழாய்) இருந்தால் நம் பக்கத்து வில்லங்கம் தண்ணீர். ஏப்ரல், மே மாதத்தில் போர் வற்றினால் தீக்கென்று ஒதுக்கிய தொட்டித் தண்ணீரையே வார்டுக்கு ஏற்றிவிடுவார்கள். இதைச் சொல்லித் திருத்த முடியாது, பைப்பில்தான் திருத்த வேண்டும். வீட்டு உபயோக மோட்டாரின் உறிஞ்சுகுழாயை உயரத்திலும், தீ மோட்டாரின் குழாயைத் தொட்டியின் அடியிலும் வைத்துவிட்டால், யார் மறந்தாலும் ஒதுக்கிய தண்ணீர் அப்படியே நிற்கும். உப்புத் தண்ணீரில் பம்ப் இறுகிப்போகும், அதனால் வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது கட்டாயம்.

7. முதல் ஐந்து நிமிடம்

தீயைப் பார்த்தவர் செய்ய வேண்டியது நான்கு, இந்த வரிசையில்: ஆபத்தில் இருப்பவரை நகர்த்து, கூவி அறிவி, கதவைச் சாத்தி அடை, முடிந்தால் அணை. பலரும் நான்காவதிலிருந்து ஆரம்பிப்பதால்தான் நேரம் போகிறது.

பொறுப்பு சிஸ்டர் மைக்கில், தீயைக் குறிக்கும் சங்கேதச் சொல்லோடு, "கோட் ரெட், ரெண்டாம் மாடி, பெண்கள் வார்டு" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். 101 அல்லது 112க்குப் பேசுவது ரிசப்ஷனில் இருப்பவர். டாக்டரைக் கேட்டுவிட்டுக் கூப்பிடலாம், ஓனருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்ற பேச்சே கூடாது. கூப்பிடும் அதிகாரம் துப்புரவுப் பணியாளருக்கும் உண்டு என்று எழுதி, ஓனர் கையெழுத்துப் போட்டு ஒட்டுங்கள். தொலைபேசி அருகே முகவரி, வண்டி வர வசதியான வழி, எத்தனை மாடி, ஆக்சிஜன் தொட்டி எங்கே என்று எழுதிய அட்டை இருக்க வேண்டும். பதற்றத்தில் சொந்த முகவரியே வாயில் வராது. வாட்ச்மேனின் ஒரே வேலை கேட்டைத் திறந்து, வாசலில் நிற்கும் கார்களை எடுக்கச் சொல்லி, ரோட்டில் நின்று வண்டிக்கு வழிகாட்டுவது.

நோயாளிகளிடம் எப்படிப் பேசுவது என்பதையும் பழக்க வேண்டும். "தீ! தீ!" என்று கத்தினால் எல்லாரும் லிஃப்டுக்கு ஓடுவார்கள். "பெரியவரே, பயப்படாதீங்க, எம்பின்னாடியே அந்தக் கதவு வரைக்கும் வாங்க", "அக்கா, பையெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாமுங்க, மொதல்ல அய்யனப் புடிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்று ஒரு ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தால் பயம் பாதியாகிவிடும்.

8. யாரை முதலில், எப்படி

தீக்கு மிக அருகில் இருப்பவர் யாராக இருந்தாலும் முதலில். அதன் பிறகு நடப்பவர்கள், அடுத்து சக்கர நாற்காலி, கடைசியில் படுக்கை நோயாளிகள். மனசுக்கு இது தலைகீழாகப் படும். ஆனால் ஒரு படுக்கை நோயாளிக்கு இருவர் தேவைப்படும் நேரத்தில் எட்டுப் பேரை ஒருவரே கூட்டிப்போகலாம். அவர்கள் போனால் வழியும் காலியாகும்.

கட்டிலை உருட்டிக்கொண்டு போகக் கதவு இடம் கொடுக்காத இடத்தில் பெட்ஷீட்தான் ஸ்ட்ரெச்சர். நோயாளியை விரிப்போடு மெதுவாகத் தரையில் இறக்கி, தலைப்பக்கம் துணியைச் சுருட்டிப் பிடித்து, தலை முன்னே வரும்படி இழுக்க வேண்டும். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் சாதாரண உடம்புள்ள ஒருவரை ஒரு சிஸ்டரே இழுத்துவிடலாம். புகை இருந்தால் தரையோடு போவது இன்னும் நல்லது, தெளிந்த காற்று அங்கேதான் இருக்கும். மூக்கில் ஈரத்துணி கட்டுவதை நம்பி நிற்காதீர்கள், அது கரியைக் கொஞ்சம் தடுக்கும், கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. ஈரத்துணிக்கு உருப்படியான வேலை கதவின் அடி இடுக்கை அடைப்பது.

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நான்கைந்து பைகள் தைத்த ஏப்ரன் ஒன்று சுவரில் தொங்க வேண்டும். திருப்பூர், ஈரோட்டில் தையல்காரருக்கா பஞ்சம்? கனமான பருத்தித் துணியில் ஒரே நாளில் தைத்துத் தருவார்கள். ஒரு சிஸ்டர் அதை மாட்டிக்கொண்டால் நான்கு குழந்தைகளை ஒரே நடையில் கொண்டுபோகலாம். குழந்தையின் காலில் அடையாளப்பட்டை இருப்பதை ஒவ்வொரு ஷிஃப்டிலும் பாருங்கள், வெளியே வந்தபின் எது யார் குழந்தை என்ற குழப்பம் வரக் கூடாது.

வென்டிலேட்டர் நோயாளிக்குக் கையால் அழுத்தும் ஆம்பு பை தலைமாட்டிலேயே தொங்க வேண்டும், அலமாரிக்குள் அல்ல. டயாலிசிஸில் ரத்தத்தைத் திருப்பி ஏற்ற நேரமிருக்காது. கிளாம்புகளை மூடி, ஊசியை அப்படியே விட்டு, குழாயை மட்டும் கழற்றி நகர்த்த வேண்டும். தியேட்டரில் ஸ்பிரிட் கலந்த மருந்து பூசியபின் குறைந்தது 3 நிமிடம் காயவிடாமல் காட்டரி (மின்சாரத்தால் சுட்டு ரத்தக்கசிவை அடைக்கும் கருவி) தொடக் கூடாது. மூச்சுக்குழாயில் தீ என்றால் உள்ளே செருகிய குழாயை எடு, வாயுவை நிறுத்து, சலைன் ஊற்று. மயக்க மருந்து டாக்டருக்கு இது தெரியும், தியேட்டர் டெக்னீஷியனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

9. ஒத்திகை

வருஷத்துக்குக் குறைந்தது ரெண்டு முறை, அதில் ஒன்று இரவு ஷிஃப்டில். படம் எடுத்து ஃபைலில் வைக்க நடத்தும் ஒத்திகையில் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிற்பார்கள். முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு படுக்கையில் பணியாளர் ஒருவரைப் படுக்கவைத்து, கடிகாரம் பார்த்து நடத்துங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் கடைசி ஆள் போய்ச்சேர எவ்வளவு நேரம் என்பதை எழுதி, அடுத்த ஒத்திகையில் குறைகிறதா என்று பாருங்கள்.

1944 ஏப்ரல் 14 பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தின் நினைவாக ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் தீத்தொண்டு வாரம் நடக்கிறது. அப்போது உங்கள் ஊர் நிலைய அலுவலரை அழைத்தால் வீரர்களே வந்து செய்து காட்டுவார்கள். அவர்களுக்கும் உங்கள் கட்டடம் பழக்கமாகும்.

இன்னொரு யோசனை. கொங்கு நாட்டில் ஸ்பின்னிங் மில்லில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமில் பஞ்சு பற்றி எரிந்ததை நேரில் அணைத்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட ஒருவரை இரவு வாட்ச்மேனாக வையுங்கள். அவருக்குத் தீயணைப்பானைப் பிடிக்கக் கை நடுங்காது, போர்டிலிருந்து வரும் கருகல் வாடையும் முதலில் தெரியும்.

10. காகிதங்கள்

தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் சான்று, மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு, மின்பரிசோதனைச் சான்று, லிஃப்ட் உரிமம், ஆக்சிஜன் நிறுவல் ஆவணங்கள். காலாவதி தேதிகளை ஒரே தாளில் எழுதி மேலாளர் மேசையில் வைத்தால் போதும்.

11. தீ அணைந்த பிறகு

வெள்ளைப் பலகையின் எண்களை வைத்துத் தலை எண்ணுங்கள், துணைக்கு வந்தவர்களையும் சேர்த்து. புகையில் நின்ற எல்லாரையும், பணியாளர்கள் உட்பட, நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் கண்காணிப்பில் வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு ஏறியவருக்கு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நல்ல எண்ணையே காட்டி ஏமாற்றும், ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடின் அளவையே காட்டும் பரிசோதனைதான் (கோ-ஆக்சிமெட்ரி) உண்மையைச் சொல்லும். வேறு மருத்துவமனைக்கு 108இல் அனுப்பினால் யார் எங்கே போனார் என்று ஒருவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குப் பக்கத்து இரண்டு மருத்துவமனைகளோடு முன்பே பேசி வைத்திருப்பது நல்லது.

எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு லைனையும் சோதித்து எழுதிக்கொடுக்காமல் அந்த மாடிக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். அடித்துத் தீர்ந்த தீயணைப்பான்களை அன்றைக்கே நிரப்பக் கொடுங்கள், பாதிதான் அடித்தோம் என்று திரும்ப மாட்டி வைக்க வேண்டாம். பாதி அடித்ததில் அழுத்தம் சில நாளில் இறங்கிவிடும்.